பின் சீட்டில் வளர்ந்த பெண்

"அந்தப் பேக்கார்டு கிழவனுக்கு வேற வேலையே கிடையாதா, எல்டன்? மார்ச் மாசம் வந்தாப் போதும், பார்சல் வந்து நிக்குது."

"பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுஷன், வில்மா. பொழுது போகணும்ல."

"உனக்கு நான் குத்துக்கல்லாட்டம் இருந்தும் பொழுது போகலையே. மூணு நாளா அந்த டைப்ரைட்டரை ரெண்டு விரலால கொத்திக்கிட்டு இருக்கே."

"நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற மகராசிக்கு எங்க கஷ்டம் எங்க புரியும்?"

"குடு, நானே அடிச்சுத் தர்றேன். அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம், வேணாம். கிழவன் என் தப்புக்கெல்லாம் பழகிட்டான். திடீர்னு சுத்தமா எழுதினா சந்தேகப்படுவான்."

நாங்கள் இப்படித்தான் பேசிக்கொள்வோம். சிரித்துக்கொண்டே பேசுவோம். என் கணவரைப் பற்றி யார் கேட்டாலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வேன், இன்றைக்கும்.

எங்கள் ஊர் இண்டியானாவில் மன்சி. எல்டன் ஒரு கியர் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவர். நான் உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்தேன். எல்டன் சேகரித்தது பழைய கார்களின் விளம்பரப் புத்தகங்களை. கார் வாங்க வருகிறவர்களுக்கு ஷோரூமில் வழவழப்பான தாளில் வண்ணப் படம் போட்டுச் சும்மா கொடுப்பார்களே, அது. கார்கள் துருப்பிடித்துப் போன பிறகும் அந்தத் தாள்கள் எங்கள் வீட்டுப் பின்னறையில் அன்று அச்சானவை போல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் முதுகு வளையாமலிருக்க ஓர் அட்டை. அந்தக் காலத்து ஓவியர்கள் காரை நீளமாகக் காட்டுவதற்காக மனிதர்களைச் சின்னதாகப் போடுவார்கள். எல்டன் அதைக் காட்டிச் சிரிப்பார். "பாரு வில்மா, இவன் நாலடி கூட இருக்க மாட்டான். கால் எப்படிப் பெடலுக்கு எட்டும்?"

அவர் தேடியது ஹட்சன் கார்களின் புத்தகங்கள். வருடம் தவறாமல் அக்டோபர் முதல் வாரம் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி மைதானத்துக்குப் போவார். அங்கே பழைய கார்ச் சாமான்களோடு ஆயிரக்கணக்கான பேர் சேற்றில் கடை விரிப்பார்கள். அங்கே ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. நீங்கள் தேடுகிற கார்தான் உங்கள் பெயர். என் கணவர் 'ஹட்சன்'. எல்மைரா என்ற ஊரிலிருந்து அவரோடு புத்தகங்களை மாற்றிக்கொள்கிற அந்த ஆள் 'பேக்கார்டு'. மூன்று நாளுக்கான சாண்ட்விச்சும், பிளாஸ்கில் காப்பியும், கூடுதலாக ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் நான் கட்டிக் கொடுப்பேன். "பேக்கார்டு கிழவனுக்கும் சேத்து வச்சிருக்கேன்" என்பேன். அவர் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுக் கிளம்புவார்.

இந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒரு புத்தகத்தைக் கைமாற்றும்போது அதன் குறைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறது, ஆறாம் பக்கத்தில் பென்சில் கோடு இருக்கிறது என்று. ஆகவே நானும் எங்கள் குடும்பத்தின் குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1961ஆம் வருடம் மார்ச் மாதம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐவி என்று பெயர் வைத்தோம். நான்கு நாள் இருந்தாள். எனக்குப் பிரசவத்தில் காய்ச்சல் கண்டுவிட்டது, எழுந்திருக்க விடவில்லை. குழந்தையை வேறு தளத்தில் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். அந்த நான்கு நாளும் கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைப் பார்த்தவர் எல்டன் மட்டும்தான். அடக்கத்துக்கும் அவர்தான் போனார். நான் வீடு திரும்பியபோது தொட்டில் இருந்த இடத்தில் தையல் இயந்திரம் இருந்தது.

"அவ எப்படி இருந்தா, எல்டன்?" என்று கேட்டேன்.

"விடு வில்மா" என்றார்.

அடுத்த வருடம் இன்னொரு தடவை கேட்டேன். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. சில ஆண்களுக்குப் பேச்சு வராது, அது அவர்கள் குற்றமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் அப்படித்தான் நம்பினேன். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

எல்டன் 1996 பிப்ரவரியில் இறந்தார். இதயம் நின்றுவிட்டது. சாப்பாட்டு மேசையிலேயே, சூப் ஆறுவதற்குள்.

இரண்டு வாரம் கழித்துப் பின்னறையை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். உறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தபோது பின்னாலிருந்த அட்டை கனமாக இருந்தது. இரண்டு அட்டைகளை ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்தார். நடுவில் ஒரு கடிதம். அடுத்த உறையில் இன்னொன்று. சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பது கடிதங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் எல்மைராவிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, மாக்சின் என்று.

பேக்கார்டு கிழவனே இல்லை. அவரைவிட மூன்று வயது இளைய ஒரு விதவை.

நான் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தேன். நீங்கள் எதிர்பார்ப்பது அதில் அதிகமில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் நான், ஆண்கள் செய்கிற அசட்டுத்தனங்களெல்லாம் என் காதுக்கு வந்தவைதான். நான் பார்த்தது வேறு. நான்காவது கடிதத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'ஐவியைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் உன்னோடு நின்றது போல இருந்தது.'

என்னிடம் முப்பத்தைந்து வருடம் வராத பேச்சு அவருக்கு அவளிடம் நான்காவது கடிதத்துக்குள்ளேயே வந்திருந்தது.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தனிப் பெட்டி இருந்தது. அதில் ஹட்சனும் இல்லை, பேக்கார்டும் இல்லை. கண்ட கம்பெனிகளின் குடும்பக் கார்ப் புத்தகங்கள், மொத்தம் பத்தொன்பது. முதலாவதில் பின் சீட்டில் ஒரு கூடையும் கூடைக்குள் ஒரு கைக்குழந்தையும். இரண்டாவதில் தாயின் மடியில் நிற்கிற ஒரு வயதுப் பெண். ஐந்தாவதில் ஜன்னலுக்கு வெளியே கையாட்டுகிற சிறுமி. எட்டாவதில் முன்பல் விழுந்தவள். பதினெட்டாவதில் தானே ஓட்டக் கற்றுக்கொள்கிறவள், பக்கத்தில் அப்பா. ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் பென்சிலில் ஒரு மார்ச் மாதத் தேதி. கதவைத் திறந்து தபால்காரரிடமிருந்து வாங்கி, எல்டனின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்த பார்சல்கள் அவை.

பத்தொன்பது வருடமாக அவர்கள் இருவரும் என் மகளை வளர்த்திருக்கிறார்கள். எனக்குத்தான் சொல்லவில்லை.

இருபதாவது பார்சல் அந்த மார்ச்சில், எல்டனை அடக்கம் செய்து ஐந்து வாரத்தில் வந்தது. கையில் புத்தகங்களோடு கல்லூரிப் படியில் நிற்கிற பெண், தெருவில் காத்திருக்கிற வெள்ளைக் கார். 'வெள்ளையைவிட அவளுக்கு நீல நிறம்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?' என்று எழுதியிருந்தாள்.

அவளுக்கு விஷயத்தைத் தெரிவிக்கத்தான் டைப்ரைட்டரில் தாளைச் சொருகினேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். 'என் கணவர் பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலமானார்' என்று ஒரு வரி. அதைத் தெரிவித்தால் ஓர் அனுதாப அட்டை வரும், பிறகு ஒன்றும் வராது. ஐவி எப்படி இருந்தாள் என்று தெரிந்த கடைசி ஆள் என் கையைவிட்டுப் போய்விடுவாள். எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. ஒரே ஒரு கடிதம் போதும் என்று நினைத்தேன்.

நான் 'அன்புள்ள மாக்சின்' என்று அடித்தேன். மிகவும் சுத்தமாக இருந்தது. தாளை உருவிவிட்டு, ஆள்காட்டி விரல்கள் இரண்டால் மட்டும் மறுபடி அடித்தேன். எல்டன் காற்புள்ளிக்குப் பிறகு இடம் விடமாட்டார். நீளமான சொல்லில் ஓர் எழுத்தை விழுங்கிவிடுவார். தப்புகளைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நீலம் அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும் என்று பதில் போட்டேன். கீழே பென்சிலில் ஒரு கிறுக்கல், அவருடையதைப் போல.

இவர்களுடைய வழக்கப்படி கடிதத்தோடு நானும் ஒரு புத்தகம் அனுப்ப வேண்டும். அவளோடு மாற்றிக்கொள்ள எல்டன் சேர்த்து வைத்திருந்த பேக்கார்டு அலமாரியில் 1934ஆம் வருடத்துப் பெரிய புத்தகங்கள் இரண்டு இருந்தன. ஒன்று அழுக்கு, மூலை மடிந்தது. இன்னொன்று பளிச்சென்று இருந்தது. நல்லதாகக் கொடுப்போமே என்று பளிச்சென்றதை அனுப்பினேன். இல்லத்தரசியின் புத்தி அது. அழுக்காக இருந்ததுதான் அசல் என்பதும், மற்றது ஊர்ப் பிள்ளைகள் புரட்டிப் பார்ப்பதற்காக எல்டன் வைத்திருந்த மறுபதிப்பு என்பதும் பிறகுதான் தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் கலங்கித் தெரியுமாம். அவர்களில் யாரும் ஏமாற மாட்டார்கள்.

அகப்பட்டுக்கொண்டோம் என்று நினைத்தேன். அவளுடைய அடுத்த கடிதம் தடித்த பேனாவில், ஒவ்வோர் எழுத்தும் கொட்டைப்பாக்கு அளவில் வந்தது. 'எல்டன், என்னிடம் மறைக்காதே. உன் கண் எவ்வளவு மோசம்?' மறுபதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹட்சன் ஏமாற்றுவான் என்று அவளால் நினைக்க முடியவில்லை. ஆகவே அவன் குருடாகிக்கொண்டிருக்கிறான் என்று முடிவு செய்துவிட்டாள். அந்த மனிதர்களால் மட்டும்தான் அப்படி ஒரு தப்புச் செய்ய முடியும்.

அந்த அக்டோபருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன். அடுத்த கோடையில், கண்ணோடு ஞாபகமும் தேய்கிறது என்றும், ஐவியைப் பற்றி நான் முன்பு உனக்கு எழுதியதைத் திரும்பக் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்றும் எழுதினேன். பதில் தபாலிலேயே சொன்னாள்: 'உன் கடிதங்கள் ஒன்றுவிடாமல் என்னிடம் இருக்கின்றன. அக்டோபரில் மைதானத்துக்குக் கொண்டுவருகிறேன். நீ கண்ணை மூடிக்கொண்டு உட்கார், நான் வாசிக்கிறேன்.'

1997 அக்டோபரில் நான் ஹெர்ஷிக்குப் போனேன். பத்து மணி நேரம் காரோட்டினேன். எல்டனின் தங்கை என்று சொல்லிக்கொண்டு கடிதங்களை வாங்கி வந்துவிடலாம் என்பது என் திட்டம். காற்றில் சாக்லேட் தொழிற்சாலையின் வாசனை இருந்தது. அது எல்டனின் கோட்டில் வருடா வருடம் நான் முகர்ந்த வாசனை. அதுவரை ஏதோ கடையில் சாக்லேட் தின்றுவிட்டு வருகிறார் என்றே நினைத்திருந்தேன்.

அவளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர்கள் எப்போதும் சந்திக்கிற வரிசையும் கம்பமும் கடிதங்களில் இருந்தன. குள்ளமான பெண்மணி. ரப்பர் பூட்ஸ், மடக்கு நாற்காலி, மடியில் தண்ணீர் புகாத எண்ணெய்த்துணிப் பை. எதிர்வரிசையில் காப்பி விற்கிற கூடாரத்தில் நான் இடம் பிடித்தேன். சக்கர மூடிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவன் அவளைக் கடந்துபோனான்.

"ஏ பேக்கார்டு! எங்க உன் ஹட்சனக் காணோம்? போன வருஷமும் டிமிக்கி குடுத்துட்டான்!"

"வருவான், வருவான். எங்கயாச்சும் குப்பையக் கிளறிக்கிட்டு இருப்பான்."

"வேற எவகிட்டயாவது ஒதுங்கிட்டானோ என்னமோ, பாத்துக்கோ!"

"ஒதுங்கட்டுமே. அவ சமையலத் தின்னுட்டு ரெண்டே நாள்ல ஓடி வந்துருவான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 'உன் ஹட்சன்' என்றான் அவன், வானிலையைச் சொல்வதுபோல. நான் கட்டிக்கொடுத்த சாண்ட்விச்சுகளை இந்த வரிசை முழுக்கப் பார்த்திருக்கும். நான் எழுந்து அவளிடம் போகவில்லை. தங்கை என்று சொல்லும் தைரியம் அந்த நிமிடத்தில் வரவில்லை. இருட்டுவதற்கு முன் அவள் நாற்காலியை மடித்துக்கொண்டு போனாள். மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன் என்று எழுதினேன். பரவாயில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்றாள்.

அடுத்த மார்ச்சில் வந்த புத்தகத்தில் ஒரு கல்யாணப் பெண் நீளமான காரில் ஏறிக்கொண்டிருந்தாள், சரிகை முக்காட்டைத் தூக்கிப் பிடித்தபடி. 'நம் ஐவிக்குக் கல்யாணம், எல்டன். நீதான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாய். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுகிறேன்' என்று எழுதியிருந்தாள்.

என் மகளின் கல்யாணம் எனக்கு இப்படித்தான் தெரிந்தது. முதல் வரிசையில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தப் புத்தகத்தை மற்றவற்றோடு பெட்டியில் வைத்தேன். கோபப்பட்டேன் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு ஜன்னல் திரைகளையெல்லாம் துவைத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் தனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினாள். நுரையீரல். குளிரிலும் ஈரத்திலும் நிற்கவே கூடாது, மைதானத்தை இந்த வருடம் மறந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வேறு சில விஷயங்களும் எழுதியிருந்தாள். என் பதில் சின்னது. 'இந்த முறை நிச்சயம் வருகிறேன். எனக்கு இதுதான் கடைசி அக்டோபராக இருக்கும். அதே கம்பம். மஞ்சளாக ஏதாவது போட்டுக்கொள், எனக்கு மஞ்சள் மட்டும்தான் தெரிகிறது. நான் வரும்வரை இரு.'

இந்த முறை நிச்சயமாக அவளிடம் போய்ப் பேசிவிடுவது என்று நான் நினைத்திருந்தேன்.

வானொலியில் மூன்று நாள் மழை என்றார்கள். கம்பளி உடை, குடை, பிளாஸ்க் நிறையக் காப்பி எல்லாம் எடுத்துக்கொண்டேன். மைதானம் களிமண் குழம்பாக இருந்தது. பாதிப் பேர் கடையே விரிக்கவில்லை. அவள் வந்திருந்தாள். தலையிலிருந்து முழங்கால்வரை மஞ்சள் மழைக்கோட்டு. நாற்காலி சேற்றில் அழுந்தியதால் நின்றுகொண்டே இருந்தாள். பையைக் கோட்டுக்குள் மார்போடு வைத்துக் கட்டியிருந்தாள், தாள்கள் நனையக் கூடாது என்று. கோட்டு முன்னால் புடைத்திருந்தது.

பக்கத்துக் கடைக்காரர் தார்ப்பாயைத் தூக்கிக் கூப்பிட்டார்.

"அம்மா பேக்கார்டு, உனக்கென்ன பைத்தியமா? உள்ள வந்து நில்லு. இருமல் ஊரைத் தூக்குது."

"இங்கேருந்து நகர்ந்தா அவனுக்குத் தெரியாதுப்பா. கண்ணு போயிடுச்சு அவனுக்கு. மஞ்சக் கோட்டு ஒண்ணுதான் அடையாளம்."

"வந்தா நான் சொல்ல மாட்டேனா?"

"நீ தூங்கிருவே. உன்னப் பத்தித் தெரியாதா எனக்கு?"

எனக்கும் அவளுக்கும் நடுவில் முப்பது அடி இருக்கும். முதல் நாள் நான் காப்பிக் கூடாரத்தில் எட்டு மணி நேரம் இருந்தேன். இரண்டாம் நாளும் இருந்தேன். மதியத்துக்கு மேல் அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். யாராவது தொப்பி போட்ட வயதான ஆள் வந்தால் கையை உயரத் தூக்கி ஆட்டினாள், பார்வை இல்லாதவருக்குத் தெரிய வேண்டுமே என்று. அந்த ஆள் கடந்து போனதும் கையை இறக்கினாள். என் பிளாஸ்கில் காப்பி சூடாகத்தான் இருந்தது. அவளாக இந்தப் பக்கம் வந்திருந்தால் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்திருப்பேன்.

மூன்று மணிக்கு நான் புறப்பட்டேன். மழை நாளில் நெடுஞ்சாலையில் நெரிசல் அதிகமாக இருக்கும்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். கையில் அந்த எண்ணெய்த்துணிப் பை.

"மிஸ்டர் கெஸ்லரப் பாக்கணும். என் பேரு ரோண்டா. எல்மைராவுல மாக்சின் தார்ன்பரி, அவங்க பொண்ணு."

"உள்ள வாம்மா. வாசல்ல காத்து அடிக்குது."

சமையலறையில் உட்கார வைத்தேன். காப்பி கொடுத்தேன், ஆப்பிள் கேக்கில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். அவள் இரண்டையும் தொடவில்லை.

"அம்மா போயிட்டாங்க. அக்டோபர் இருபத்தொண்ணு. நிமோனியா. உங்க வீட்டுக்காரருக்கு நேர்ல சொல்லணும்னு எங்கிட்ட வாக்கு வாங்கிட்டாங்க. மூச்சு வாங்கறப்பக்கூட அவரப் பத்தித்தான் கவலை. கண்ணு தெரியாத மனுஷன் வழியில எங்க விழுந்து கெடக்காரோன்னு. அவர் எங்க?"

"எல்டன் செத்துட்டார்."

"ஐயோ. எப்போ? இந்த மாசமா?"

"தொண்ணூத்தாறு பிப்ரவரி."

 அவள் பையைத் திறந்து, மேலாக இருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது ரெண்டு மாசம் முன்னாடி வந்தது."

"ஆமா. செப்டம்பர் எட்டாந்தேதி தபால்ல போட்டேன்."

"நீங்களா?"

"ரெண்டு விரலாலதான் அடிச்சேன்."

அதன் பிறகு உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். கண்ணாடி அறை, தையல் இயந்திரம், பின்னறைப் பெட்டி, கல்யாணப் பெண் எல்லாவற்றையும்.  ஐவி எப்படி இருந்தாள் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும்தான் இத்தனையும் என்று நான் சொன்னபோது தலையைக்கூட அசைத்தாள். அவளும் ஒரு தாய்தான் போலிருக்கிறது, புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

"மிசஸ் கெஸ்லர்," என்றாள், "ஆகஸ்ட்ல அம்மா என்ன எழுதினாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களால எழுத முடியல. அவங்க சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'நான் வர முடியாது. உன் கடிதம் அத்தனையும் பெட்டியில போட்டுக் கட்டி வச்சிட்டேன். சரின்னு ஒரு வார்த்தை எழுது, மறுநாளே தபால்ல அனுப்பிடறேன்.' அந்தப் பெட்டி எங்க வீட்டு நடையில ஒரு மாசம் உக்காந்திருந்துச்சு. உங்க விலாசம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி."

"ஆமா, எழுதியிருந்தாங்க."

"அனுப்பாதே, கையில கொண்டு வான்னு பதில் போட்டீங்க."

"ஒரே ஒரு பிரதி இருக்கற எதையும் யாரும் தபால்ல அனுப்ப மாட்டாங்க, ரோண்டா. தொலைஞ்சு போயிடும். இந்தத் தொழில்ல இருக்கற யாரை வேணும்னாலும் கேளு."

"இருபது வருஷமா எல்லாம் தபால்லதானே போச்சு, வந்துச்சு? ஒண்ணாவது தொலைஞ்சுதா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தொலைந்ததில்லை.

"ரெண்டு நாள் நின்னாங்க," என்றாள். "நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"பாத்தேன்."

"அவங்க செத்துருவாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"உடம்புக்கு ஆகாதுன்னு அவங்களே எழுதியிருந்தாங்களே," என்றேன்.

ரோண்டா எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது, அவள் அதை எடுத்து நிறுத்தவில்லை. அந்தத் தாளைப் பைக்குள் திணித்தாள். அதற்குள் எல்டனின் கடிதங்கள் ரிப்பன் கட்டி அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றின் ஓரம்கூட நனைந்திருக்கவில்லை. அவ்வளவு ஜாக்கிரதையாக அந்தப் பெண்மணி வைத்திருந்தாள். மகள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

நான் அவளுக்கு முன்னால் போய்க் கதவருகில் நின்றேன். வழியை மறிப்பதற்காக அல்ல. இதைக் கேட்க வேண்டும் என்று முப்பத்தேழு வருடமாக இருந்தேன். எல்டனிடம் கேட்டது வேறு, அப்போது எனக்கு வயது குறைவு. இப்போது என் குரல் மிகவும் நிதானமாக இருந்தது, எனக்கே திருப்தியாக இருந்தது.

"ரோண்டா, நீ போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அதுல ஐவி எப்படி இருந்தான்னு அவர் எழுதியிருப்பார். முடி என்ன நெறம், கண்ணத் தொறந்து பாத்தாளா, அழுதாளா, அவ்வளவுதான் எனக்கு வேணும். உங்க அம்மா மைதானத்துல அவருக்கு வாசிச்சுக் காட்டறதா இருந்தாங்கல்ல, அதை எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டு."